கூட்டுப்பாட்டுக்கு ஏற்ற கூரை

சேர்வராயன் மலையில் பொது நிகழ்ச்சி என்றாலே நினைவுக்கு வருவது மே மாதக் கோடை விழா. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, மேடையில் கலை நிகழ்ச்சிகள், இருபுறமும் ஆள் உயர ஒலிபெருக்கிகள். திருவிழாக் கூட்டத்துக்கு அது சரி. ஆனால் முப்பது நாற்பது பேர் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரல்களாகப் பிரிந்து, ஒருவர் மூச்சை மற்றவர் கவனித்துப் பாடும் கூட்டுப்பாட்டுக்கு அந்த மேடை ஆகாது. அதற்கான இடங்கள் இந்த மலையில் ஏற்கெனவே இருக்கின்றன. ஏற்காட்டின் திரு இருதய ஆலயமும் தென்னிந்தியத் திருச்சபையின் பரிசுத்த திரித்துவ ஆலயமும் இருக்கின்றன. 1917-இல் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் பள்ளியைப் போலச் சிற்றாலயமும் பெரிய கூடமும் கொண்ட பள்ளிகள் இருக்கின்றன. கொஞ்சம் மெனக்கெட்டால் நாகலூர் போன்ற ஊர்களின் சமுதாயக் கூடங்களும் இதற்கு உதவும். வழிபாட்டு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பூட்டிக் கிடக்கும் ஆலயங்களை ஆண்டுக்குச் சில மாலைகளாவது பாட்டுக்காக, எந்தச் சமயத்தவரும் வந்து உட்காரும்படி, திறந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. புதிதாக ஓர் அரங்கம் கட்டுவதைவிட இது மலிவு. பாட்டுக்கும் இதுவே நல்லது.

ஏன் என்று கேட்டால், ஒலியின் இயல்பிலிருந்து தொடங்க வேண்டும். நாகசுரமும் தவிலும் பறையும் திறந்த வெளிக்காகப் பிறந்தவை. சேர்வராயன் கோவில் திருவிழாவில் மேளம் அடிப்பவருக்குச் சுவரும் கூரையும் தேவையில்லை. அந்த ஒலி தன் பலத்திலேயே மலைச்சரிவைக் கடந்து போகும். மனிதக் குரலுக்கு அந்தப் பலம் கிடையாது. வெட்ட வெளியில் நாற்பது பேர் பாடினாலும் பத்தாவது வரிசைக்குள் குரல் நீர்த்துவிடும். அதைவிட மோசம், பாடுகிறவர்களுக்கே பக்கத்து வரிசையின் குரல் கேட்காமல் சுருதி இறங்கத் தொடங்கும். உயர்ந்த கூரையும் கெட்டியான சுவரும் உள்ள கட்டடம், பாடிய ஒலியைச் சிறிது நேரம் பிடித்து வைத்துத் திருப்பித் தருகிறது. முதல் சுரம் அடங்குமுன் அடுத்த சுரம் வந்து சேர்வதால் நான்கு குரல்களும் ஒன்றில் ஒன்று கரைகின்றன.

இதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். 1890-களின் கடைசியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளம் பேராசிரியர் வாலஸ் சாபைன், பேச்சு புரியாமல் இரைந்த ஒரு வகுப்பறையைச் சரிசெய்யப் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் எளிமையானது. கட்டடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, உள்ளே இருக்கும் பொருள்கள் ஒலியை உறிஞ்சும் அளவால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் கிடைத்துவிடும். உதாரணத்துக்கு 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரமுள்ள ஒரு சிற்றாலயத்தை எடுத்துக்கொள்வோம். கன அளவு 1,600 கன மீட்டர். சுண்ணாம்புச் சுவரும் மரப் பெஞ்சுகளும் சேர்ந்து சுமார் 90 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உறிஞ்சும் என்று வைத்தால், ஆளில்லாதபோது ஒலி அடங்க ஏறக்குறைய 2.9 விநாடி ஆகும். 150 பேர் வந்து உட்கார்ந்தால் அவர்கள் உடலும் உடையும் உறிஞ்சுவது போக 1.6 விநாடியாகக் குறையும். பேச்சுக்கு ஒரு விநாடிக்குள் அடங்குவது நல்லது. கூட்டுப்பாட்டுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை இதமாக இருக்கும். நடுத்தர அளவுள்ள ஓர் ஆலயம், பாதிக்குமேல் ஆள் நிறைந்தால், கணக்காகக் கட்டிய இசையரங்கத்துக்குக் கிட்டத்தட்ட இணையாகிவிடுகிறது. ஒத்திகைக்கு வரும் பாடகர்கள் காலி ஆலயத்தின் இரைச்சலைக் கேட்டுப் பயப்பட வேண்டாம் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

அந்த இதத்தைக் கெடுப்பதற்கு நம் ஊரில் இரண்டு பொருள்கள் போதும்: மைக்கும் மின்விசிறியும். ஒலி தங்கும் கட்டடத்தில் தூணுக்குத் தூண் ஒலிபெருக்கிப் பெட்டி மாட்டினால், ஒரே சுரம் ஐந்தாறு திசைகளிலிருந்து வெவ்வேறு கணத்தில் காதை எட்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எதிரொலி வேறு. கேட்பவர் வார்த்தை புரியவில்லை என்பார், இயக்குபவர் ஒலியைக் கூட்டுவார், குழப்பமும் கூடும். நம் ஆலயங்களில் பாட்டு தெளிவாக விழாததற்குக் கட்டடத்தின் மேல் பழிபோடுகிறோம். பல இடங்களில் பழி அந்தப் பெட்டிகளுக்கே சேர வேண்டும். மின்விசிறியின் கதை வேறு. சென்னையில் எவ்வளவு நல்ல ஆலயமானாலும் மாலையில் விசிறி ஓடாமல் யாராலும் உட்கார முடியாது. அந்த ஓயாத ரீங்காரம் மெல்லப் பாடும் இடங்களையெல்லாம் விழுங்கிவிடும். ஜன்னலைத் திறந்தால் தெருச் சத்தம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் ஆண்டின் பெரும்பகுதி விசிறியே தேவையில்லை. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, மைக்கை அணைத்துவிட்டு, ஒரு குரல் மெலிந்து மௌனத்தில் முடிவதைக் கடைசிப் பெஞ்சிலிருந்தும் கேட்கலாம். எந்த நகர அரங்கமும் லட்சக்கணக்கில் செலவழித்துத் தேடும் நிசப்தம் இந்த மலைக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

ஆலயம் வழிபாட்டுக்கு, கச்சேரிக்கு இல்லை என்பதுதான் முதலில் எழும் மறுப்பு. அதைச் சொல்பவர்களின் மனக்குறை நியாயமானது. அதை அலட்சியப்படுத்தக் கூடாது. சொல்லப்போனால் இந்தக் கேள்வி மிகப் பழையது. ஹாண்டெல் இசையமைத்த 'மெசையா' என்ற புனிதப் படைப்பு 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் முதன்முறை பாடப்பட்டது ஓர் இசைக்கூடத்தில். பாடியவர்களோ அந்நகரின் இரண்டு பேராலயப் பாடகர் குழுக்களைச் சேர்ந்தவர்கள். வசூல் கடன்பட்டுச் சிறையில் கிடந்தவர்களின் விடுதலைக்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் போனது. அடுத்த ஆண்டு லண்டன் நாடக அரங்கில் அதே படைப்பு வந்தபோது, வேத வசனத்தைக் கூத்துமேடையில் பாடுவதா என்று கண்டனம் எழுந்தது. 1750-இல் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தின் சிற்றாலயத்தில், அந்த இல்லத்தின் நிதிக்காகப் பாடப்பட்ட பிறகுதான் அது மக்கள் மனதில் நிலையாக இடம்பிடித்தது. புனிதப் பாட்டு அரங்குக்குப் போனால் ஒரு சங்கடம், ஆலயம் கச்சேரிக்குத் திறந்தால் இன்னொரு சங்கடம். இரண்டையும் தீர்த்தது, எதற்காக யாருக்காகப் பாடுகிறோம் என்பதில் இருந்த தெளிவு.

கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு எழுத்திலேயே வழி வகுத்திருக்கிறது. 1987 நவம்பரில் ரோமாபுரியின் வழிபாட்டுப் பேராயம் ஆலயங்களில் இசை நிகழ்ச்சிகள் பற்றி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மறைமாவட்ட ஆயரின் அனுமதி வேண்டும், நுழைவு இலவசமாக இருக்க வேண்டும், பாடுபவர்கள் பலிபீடத்துக்கு உரிய மரியாதை தர வேண்டும், நற்கருணையைக் கூடுமானவரை தனிச் சிற்றாலயத்தில் வைக்க வேண்டும், பாடல்களின் பொருளைக் கேட்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள். சினிமாப் பாட்டுக்கு அங்கே இடமில்லை. இந்த நிபந்தனைகளைத் தடையாக நான் பார்க்கவில்லை. டிக்கெட் இல்லாததால் காப்பித் தோட்டத் தொழிலாளியும் எஸ்டேட் முதலாளியும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். பொருள் சொல்லிப் பாடுவதால் லத்தீனோ ஆங்கிலமோ தெரியாதவரும் ஒட்டிக்கொள்ளலாம். பாட்டு, வழிபடும் இடத்தில் ஊரார் எல்லோரும் கேட்கும்படி ஒலிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. கோவில் மண்டபத்தில் ஓதுவார் பாடும் தேவாரத்தை யாரும் கச்சேரி என்று ஒதுக்குவதில்லை. திருவையாற்றில் தியாகராஜர் சமாதியில் ஆண்டுதோறும் நடக்கும் ஆராதனையில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் வழிபாடா இசைவிழாவா என்று பிரித்துச் சொல்லவும் முடியாது.

இன்னொரு மறுப்பு சற்று கூர்மையானது: நான்கு குரல் பாட்டு வெள்ளைக்காரன் விட்டுப்போனது, மலைக் கிராமத்தில் அதற்கு என்ன வேலை? வந்த வழி உண்மைதான். ஆனால் 1893-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலேயர் போன பிறகும் ஹாண்டெல் மானுவேல் போன்ற தமிழர்கள் அதை வழிநடத்தினார்கள். எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவரும் அவரே.  தமிழ்க் கிறிஸ்தவ இசைக்கு வேறொரு பெரிய ஓட்டமும் உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனைகளை நம் ராகத்திலும் தாளத்திலும் படைத்தார். இங்கே ஒரு நடைமுறை எச்சரிக்கை தேவை. நீண்ட ஒலி தங்கும் கட்டடத்தில் துரித காலக் கீர்த்தனையையும் தபேலாவையும் வைத்தால் தாளம் கலங்கிவிடும். நிதானமான கீர்த்தனை, விருத்தம் போல இழுத்துப் பாடுவது, பாமாலைப் பாட்டு இவை அங்கே பொலியும். துரிதமானவற்றைப் பள்ளியின் பெரிய கூடத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. கட்டடத்துக்கேற்பப் பாட்டைத் தேர்ந்தெடுப்பதும் பாடகர் குழுத் தலைவரின் வேலையில் ஒரு பகுதிதான்.

பிற சமயத்தார் உள்ளே வரத் தயங்குவார்கள் என்ற கவலைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இலவசம் என்று பலகை வைத்தால் மட்டும் தயக்கம் போகாது. அதனால்தான் ஆலயத்தை மட்டும் நம்பாமல் சமுதாயக் கூடத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒரே குழு ஒரு மாலை ஏற்காட்டு ஆலயத்திலும் அடுத்த மாலை நாகலூரிலும் பாடட்டும். அங்கே மலையாளிப் பழங்குடியினரின் சேர்ந்து பாடும் பாட்டுக்கும் அதே மேடையில் இடம் இருக்கட்டும். ஊர்க் கூடத்துக்குள் வர யாருக்கும் கூச்சம் இருக்காது.

சமுதாயக் கூடத்தின் சிக்கல் வேறு வகை. சிமெண்டுத் தரை, வெறும் சுவர், தாழ்ந்த கூரை, எதிரெதிரே இரண்டு நேர்ச்சுவர். ஒரு முறை கை தட்டிப் பார்த்தால் சத்தம் இரண்டு சுவர்களுக்கும் இடையே படபடவென்று அடித்துக்கொண்டு ஓடுவது கேட்கும். கூரை தகரமாக இருந்தால் மழை நாளில் அங்கே பாட முடியாது, அதற்கு மருந்தும் இல்லை. மற்றதற்கு ஊரிலேயே மருந்து இருக்கிறது. தரை முழுக்கப் பவானி ஜமக்காளம் விரித்து, ஒரு பக்கச் சுவரையொட்டிக் காப்பிக்கொட்டை மூட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கி, பின்சுவரில் கெட்டித் துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் படபடப்பு அடங்கிவிடும். பாடுபவர்கள் நீளம் குறைந்த சுவருக்கு முன்னால், சுவரை ஒட்டினாற்போல், அரைவட்டமாக நிற்க வேண்டும். அந்தச் சுவர் குரலை முன்னே தள்ளும். நிகழ்ச்சி மாலை நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்குள் முடிய வேண்டும். பனி இறங்கிய பிறகு தோட்டத்துப் பாதைகளில் காட்டெருமை நடமாடும். சேலத்திலிருந்து வருபவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வெளிச்சத்திலேயே இறங்கிவிடுவார்கள். மாதம் என்று பார்த்தால் பிப்ரவரி சரியாக இருக்கும். மழை குறைவு, கோடைக் கூட்டம் இன்னும் ஏறவில்லை, கிறிஸ்துமஸ் கேரல் முடிந்து குழுக்களின் குரல் பழக்கத்தில் இருக்கும்.