தோட்டத்தில் சொல்லிட்டாங்க

ஆண்டிமடம் பக்கத்து ஊர்களில் பா.ம.க.காரர்கள் கூட்டணி யாரோடு, வேட்பாளர் யார் என்று டீக்கடையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார்கள். யாராவது ஒருவர் வந்து “தோட்டத்துல சொல்லிட்டாங்க” என்றால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். தோட்டம் என்றால் திண்டிவனத்தை அடுத்த தைலாபுரத்தில் இருக்கும் மருத்துவர் ராமதாசின் வீடு. மாவட்டச் செயலாளர் மாறினாலும், நேற்றுவரை எதிர்த்த கட்சியோடு இன்று மேடை ஏறினாலும், காரணம் கேட்கிற வழக்கம் கிடையாது. அய்யா சொன்னால் சரி.

இதைப் பயம் என்று வெளியூர்க்காரர்கள் எழுதுவதுண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. இது நன்றிக்கடன். 1980இல் ராமதாசின் முயற்சியில் வன்னியர் சங்கம் பிறந்தது. இடஒதுக்கீடு கேட்டு 1987 செப்டம்பர் 17ஆம் தேதி தொடங்கிய ஒரு வாரச் சாலை மறியலில் வட மாவட்டங்கள் முழுக்கப் போக்குவரத்து நின்றது. 21 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கென்று 20 சதவீத இடஒதுக்கீடு வந்தது. முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கிய குடும்பங்களிலிருந்து ஆசிரியர்களும் எழுத்தர்களும் காவலர்களும் வரத் தொடங்கிய காலம் அதுதான். பிள்ளையின் வேலை ஆணையைக் கையில் வாங்கிப் பார்த்த தகப்பனுக்கு அய்யா என்ற சொல்லுக்கு மேல் எந்தக் கட்சி விதியும் பெரிதாகத் தெரியவில்லை. அதில் தவறு காண என்னால் முடியாது.

1989 ஜூலை 16ஆம் தேதி சென்னைக் கடற்கரையில் பாட்டாளி மக்கள் கட்சி தொடங்கப்பட்டபோது, அதை நிறுவியவர் தலைவர் பதவியில் உட்காரவில்லை. ஒருபோதும் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போட்டியிடவும் இல்லை. பதவி வேண்டாம் என்று ஒதுங்கியவரின் சொல்லுக்குப் பதவியில் இருப்பவரின் சொல்லைவிட எடை கூடியது. தலைவர் என்று தீரன் இருந்தார், பிறகு ஜி.கே. மணி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தார். மணி பண்பான மனிதர் என்பதை எதிர்க்கட்சியினரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதில் ஆண்டிமடத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அந்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தவரை, தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கே வேலை இல்லாமல் போயிற்று. பின்னால் வந்த எல்லாத் துன்பத்துக்கும் விதை அங்கேதான் விழுந்தது.

இந்த மண்ணுக்கு ஒரு தனிப் பங்கும் இருந்தது. 1996இல் கட்சி வென்ற நான்கு சட்டமன்றத் தொகுதிகளில் ஆண்டிமடம் ஒன்று. 2001இல் அ.தி.மு.க. அணியில் இருந்த பா.ம.க. 20 இடங்களைப் பிடித்தபோது ஆண்டிமடத்தில் வென்றவர் காடுவெட்டி குரு. வன்னியர் சங்கத் தலைவரான அவரைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசலாம். அவருடைய பேச்சுகள் எத்தனை கசப்பை விதைத்தன என்பது மற்ற சமூகத்தாருக்குத் தெரியும். கட்சிக்குள்ளே அவருக்கு இருந்த வேலை வேறு. கிளையில் இருப்பவன் தோட்டத்துக்கு நேரே போய்ப் பேச முடியாது, குருவிடம் பேச முடியும். குரு தோட்டத்தில் பேசுவார். கீழிருந்து மேலே ஒரு குரல் போக இந்தப் பகுதியில் இருந்த வழி அந்த ஒரு மனிதர்தான். விதி எழுதி வைத்த வழியாக அது இருக்கவில்லை.

2008 தொகுதி மறுசீரமைப்பில் ஆண்டிமடம் என்ற சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போய் ஜெயங்கொண்டத்தோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய, கடைசித் தேர்தலான 2006இல் இங்கே வென்றவர் தி.மு.க.வின் எஸ்.எஸ். சிவசங்கர். 2011இல் ஜெயங்கொண்டத்தில் நின்று குரு மறுபடி சட்டமன்றம் போனார். 2018 மே 25ஆம் தேதி அவர் இறந்தார். அதோடு அந்த வழியும் அடைபட்டது.

மேலே நடந்த மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 2004இல் ராமதாசின் மகன் அன்புமணி மாநிலங்களவைக்குப் போய் மத்திய சுகாதார அமைச்சரானார். குடும்பத்துக்குப் பதவி கிடையாது என்று கேட்டு வளர்ந்தவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள், பலர் பெருமைப்பட்டார்கள். 2016இல் அவரை முதலமைச்சர் வேட்பாளராக வைத்துத் தனியே நின்ற கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. 2022 மே 28ஆம் தேதி திருவேற்காட்டில் கூடிய பொதுக்குழுவில் மணிக்குப் பதில் அன்புமணி தலைவரானார். போட்டி இல்லை. அய்யா, சின்னய்யா என்று இரண்டு படங்களையும் ஒரே அளவில் பேனரில் போடும் காலம் அப்போது தொடங்கியது.

2024 டிசம்பர் 28. விழுப்புரம் மாவட்டம் பட்டானூரில் பொதுக்குழு. மகள்வழிப் பேரன் முகுந்தனை இளைஞரணித் தலைவராக ராமதாஸ் அறிவித்தார். கட்சிக்கு வந்து சில மாதங்களே ஆனவருக்கு அந்தப் பொறுப்பா என்று அன்புமணி அதே மேடையில் எதிர்த்தார். இது நான் உருவாக்கிய கட்சி, நான் சொல்வதை ஏற்காதவர்கள் இருக்க முடியாது என்ற பொருளில் தந்தை பேச, மகன் மைக்கை வாங்கி, பனையூரில் தனக்கு அலுவலகம் இருக்கிறது, தன்னைப் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே வரலாம் என்று தொலைபேசி எண்ணோடு அறிவித்தார். முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தோட்டம் என்ற ஒரே சொல்லில் வாதத்தை முடித்துக்கொண்ட ஊருக்கு அன்று இரண்டாவது முகவரி கிடைத்தது.

அதற்கு ஒரு வாரம் கழித்து, அதே மாவட்டத்தில், விழுப்புரம் நகரத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் மாநில மாநாடு நடந்தது. வயது வரம்பை எட்டிய கே. பாலகிருஷ்ணன் விலக, பெ. சண்முகம் செயலாளராகத் தேர்வானார். அந்தக் கட்சியிலும் முன்கூட்டியே பேசி முடிப்பதுண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் எப்போது இறங்க வேண்டும், அடுத்தவரை எந்த அவை தேர்வுசெய்யும் என்பது அங்கே எழுதப்பட்டிருக்கிறது, எழுதியபடி நடக்கிறது. ஓர் இரவில் கிளைகள் இரண்டாகவில்லை.

2025 முழுவதும் பா.ம.க. தொண்டனுக்கு வந்த செய்திகளைச் சேர்த்துப் பார்த்தாலே மனம் கனக்கும். ஏப்ரல் 10ஆம் தேதி இனி நானே தலைவர், அன்புமணி செயல் தலைவர் என்றார் ராமதாஸ். மே மாதம் மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு மாநாட்டில் இருவரும் ஒரே மேடையில் இருந்தார்கள். வேன் பிடித்துப் போனவர்கள் சமாதானம் ஆகிவிட்டது என்று நம்பித் திரும்பினார்கள். சில நாட்களில் தைலாபுரத்தில் கூட்டிய மாவட்டச் செயலாளர்கள் கூட்டத்துக்குப் பெரும்பாலானோர் வரவில்லை. காலையில் தோட்டம் ஒருவரை நீக்கும், மாலைக்குள் பனையூர் அவரே பொறுப்பில் தொடர்வார் என்று அறிக்கை விடும். ஜூலை 25ஆம் தேதி, தந்தையின் பிறந்த நாளில், அன்புமணி திருப்போரூரில் நடைபயணம் தொடங்கினார். ஆகஸ்ட் 9 மாமல்லபுரத்தில் ஒரு பொதுக்குழு, அன்புமணியின் பதவிக்காலத்தை ஓராண்டு நீட்டித்தது. ஆகஸ்ட் 17 பட்டானூரில் இன்னொரு பொதுக்குழு, ராமதாசே தலைவர் என்றது. செப்டம்பர் 11ஆம் தேதி மகனை அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்தே தந்தை நீக்கினார். அக்டோபரில் மூத்த மகள் காந்திமதி செயல் தலைவரானார். சட்டமன்றத்தில் இருந்த ஐந்து பேரில் மணியும் அருளும் ஒரு பக்கம், மற்ற மூவர் மறுபக்கம்.

ஆண்டிமடத்தின் ஒரு பிளக்ஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காதணி விழாவுக்குப் பேனர் அடிக்க வந்த தாய்மாமனிடம் வடிவமைக்கும் பையன் கேட்கிற முதல் கேள்வி, யார் படம் பெரிசு? அய்யா படத்தை மேலே வைத்துச் சின்னய்யாவை எடுத்துவிட்டால் மைத்துனர் மொய் எழுதாமல் போவார். சின்னய்யாவை மட்டும் வைத்தால் 1987இல் மறியலில் மரம் வெட்டிப் போட்ட பெரியப்பா பந்தலுக்குள் வரமாட்டார். கடைசியில் பலர் குரு படத்தை மட்டும் போட்டு, வன்னியர் சங்கத்தின் அக்னி கலசத்தைப் பக்கத்தில் வைத்து முடித்துக்கொள்கிறார்கள். இறந்தவருக்கு மட்டும்தான் இந்த ஊரில் இப்போது இரண்டு அணியும் இல்லை.

சண்டையில் இரு தரப்பும் எடுத்து வீசுவது கட்சியின் விதிப் புத்தகத்தை. தலைவரின் பதவிக்காலம் மூன்றாண்டு, அது 2025 மே மாதத்தோடு முடிந்தது என்பது தோட்டத்தின் வாதம். பொதுக்குழுவைக் கூட்டவும் காலத்தை நீட்டிக்கவும் தலைவருக்கும் பொதுக்குழுவுக்குமே அதிகாரம், நிறுவனருக்கு இல்லை என்பது பனையூரின் வாதம். இதே ஜெயங்கொண்டத்தில் 2021இல் மாம்பழச் சின்னத்தில் நின்று 5,452 வாக்கில் தோற்ற வழக்கறிஞர் க. பாலுதான் அன்புமணி தரப்புக்காகத் தேர்தல் ஆணையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடப்பவர். அன்று வீடு வீடாக வாக்குக் கேட்டவரின் குரலை இன்று தொலைக்காட்சியில் விதி எண்ணோடு கேட்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி உண்டு. கட்சி பிளந்தால் எது உண்மையான கட்சி என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின் 15ஆம் பத்தி தேர்தல் ஆணையத்துக்குத் தருகிறது. ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும். பா.ம.க. அப்போது பதிவுபெற்ற, அங்கீகாரம் இல்லாத கட்சியாக இருந்தது. அதனால் 2025 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு விவகாரம் போனபோது, உட்கட்சித் தகராறை ஆணையம் தீர்க்க இயலாது, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்ற நிலைதான் மிஞ்சியது. வரப்புத் தகராறு போகிற அதே நீதிமன்றத்துக்கு, 21 பேர் உயிர் கொடுத்த இயக்கத்தின் தலைமை யார் என்ற கேள்வியும் போகிறது.

தமிழ்நாட்டில் இது முதல் முறையல்ல. எம்.ஜி.ஆர். இறந்தபின் அ.தி.மு.க. இரண்டாகி, இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. சேவல் 27 இடம், புறா 2 இடம். மக்களே தீர்த்து வைத்தார்கள், சில வாரங்களில் கட்சி ஒன்றானது. அந்தக் கட்சியின் விதியிலாவது பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எம்.ஜி.ஆர். காலத்திலிருந்தே எழுதியிருந்தது. 2022 ஜூலைப் பொதுக்குழு, பல வழக்குகள், பிறகு 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வு என்று அது முடிந்தாலும், உறுப்பினர் என்றொருவர் இருக்கிறார் என்பதை நீதிமன்றத்தில் சொல்லியாவது ஆக வேண்டியிருந்தது. பா.ம.க. வழக்குகளில் அந்தப் பேச்சே அதிகம் எழவில்லை. பொதுக்குழுவில் யார் இருந்தார்கள், அழைப்பில் யார் கையெழுத்திட்டார்கள் என்பதே வாதம்.

ராமதாசின் வயதையும் உழைப்பையும் சொல்லி மகனைத் திட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை, காலம் மாறிவிட்டது என்று தந்தையை ஓரங்கட்டச் சொல்கிறவர்களோடும் உடன்பாடில்லை. இரண்டு பேருமே தங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்ற கேள்விக்குப் பொதுக்குழுவைத்தான் காட்டுகிறார்கள். அந்தப் பொதுக்குழுவின் ஆட்களை நியமித்தது தலைமை. ஆண்டிமடம் ஒன்றியத்துக் கிளை உறுப்பினரிடம் யாரும் சீட்டு நீட்டவில்லை.

அன்று அவர் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. இன்று கேட்கிறார். என்னிடம் பேசியவர்களில் வயதான ஒருவர், அய்யா பக்கம் உறுதியாக நிற்பவர், மகன் பனையூர்ப் பக்கம். இருவரும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறார்கள். இருவரும் தனித்தனியே என்னிடம் சொன்னது ஒன்றுதான்: உறுப்பினர் அட்டை வைத்திருக்கிற அத்தனை பேரையும் ஊர் ஊராக உட்கார வைத்து ஓட்டு எடுத்திருந்தால், தோற்றவருக்கு ஒரு நாள் வருத்தம், மறுநாள் வேலை பார்த்திருப்பார்கள். பெரியவர் தன் அட்டையை எடுத்துக் காட்டினார். மகனும் காட்டினான். இரண்டும் வேறு வேறு ஆண்டில் கொடுத்தவை. தலைவரைத் தேர்ந்தெடுக்க அதைக் கொண்டு அவர்கள் எந்தப் பெட்டியிலும் இதுவரை வாக்குப் போட்டதில்லை.