கீபோர்டே இல்லாமல் டைப் ஆகுமா? லினக்ஸின் ‘யூஇன்புட்’ செய்யும் வேலை

மேசையில் கீபோர்டும் இல்லை, மவுஸும் இல்லை. ஆனாலும் திரையில் எழுத்துகள் விழுகின்றன. லினக்ஸ் கெர்னலின் ‘யூஇன்புட்’ வசதி இருந்தால் இது சாத்தியம்தான்.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதல்ல. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் மாணவர்கள் கைக்கு வந்தது.

எப்படி நடக்கிறது?

‘ஏ’ விசையைத் தட்டினால் கெர்னலுக்கு எழுத்து தெரியாது. 30 என்ற விசை எண்தான் தெரியும். அழுத்தினால் 1, விட்டால் 0. அந்த 30-ஐ ஆங்கிலத்தில் ‘ஏ’ என்றும், தமிழ்99-ல் ‘அ’ என்றும் மாற்றுவது மேலே இருக்கும் மென்பொருள்.

இதே எண்களை ஒரு புரோகிராமும் அனுப்பலாம். முதலில் யூஇன்புட் கோப்பைத் திறந்து, ‘நான் ஒரு கீபோர்டு, என்னிடம் இந்தந்த விசைகள் உண்டு’ என்று பதிவு செய்ய வேண்டும். மவுஸ் என்றால் இடவலமாகவும் மேல்கீழாகவும் எவ்வளவு நகர்ந்தது என்று சொன்னால் போதும். மற்ற செயலிகளுக்கு அது நிஜக் கருவி மாதிரியேதான்.

யாருக்குப் பயன்?

கைகளை அசைக்க முடியாதவர்களுக்கு. தலையசைவைக் கேமராவில் பார்த்து மவுஸை நகர்த்தும், குரலைக் கேட்டு டைப் செய்யும் மென்பொருள்களை இதை வைத்து உருவாக்கலாம்.

ஆபத்து எங்கே?

தட்டுவது உங்கள் விரலா, வேறு புரோகிராமா என்று செயலிகள் சந்தேகப்படுவதில்லை. அனுமதி பெற்ற புரோகிராம் உங்கள் பெயரில் எந்தக் கட்டளையையும் டைப் செய்துவிடலாம். அதனால்தான் பொதுவாக இந்தக் கோப்பு நிர்வாகிக்கு மட்டுமே திறக்கும்.

‘வேலை செய்யலையா? எல்லாருக்கும் பர்மிஷன் கொடுத்துடு’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தேவையான ஒரு புரோகிராமுக்கு மட்டும் கொடுங்கள்.