பனிக்கண்டம் தந்த கணக்கு

மனிதர் நிலையாய் வாழாத தென்துருவத்தில் நடக்கும் ஆராய்ச்சியால் மண்ணூர்பேட்டைக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம்.

அண்டார்க்டிக்காவின் ஹாலி நிலையத்தில் பல ஆண்டுகள் ஓசோனை அளந்துவந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், வசந்தகாலத்தில் அப்படலம் வெகுவாக மெலிவதை 1985-இல் அறிவித்தனர். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோ கார்பன்களே காரணம் எனப் பின்னர் உறுதியாயிற்று. 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது. நம் வீட்டுப் பெட்டியின் வாயுவும் மாறியது. ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது.

பனிக்கண்டத்தைக் காக்கும் கடமை நமக்கும் உண்டு. அங்கே மைத்ரி, பாரதி நிலையங்களை அமைத்த இந்தியா, 2022-இல் தனிச்சட்டமே இயற்றியது. அனுமதியின்றிப் பறவைகளுக்கும் சீல்களுக்கும் தீங்கிழைப்பதை அது தடுக்கிறது.

நண்பர்களே! உலகையே இணங்க வைத்தது நேர்மையாகக் குறித்த எண்களே. நம் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டிலும் உண்மை எண்ணையே எழுதுவோம்!