பாத்தியில் விரித்த பாலித்தீன் தாளை எரிக்க வேண்டாம்

தர்பூசணி, தக்காளி, மிளகாய் பயிரிடும் தோட்டங்களில் பாத்தி மேல் பாலித்தீன் தாள் விரிக்கும் பழக்கம் சிறு விவசாயிகளிடமும் பரவிவிட்டது. களை குறைகிறது, ஈரம் நிற்கிறது. அறுவடைக்குப் பின்தான் தொல்லை. ஆள் கூலிக்கு அஞ்சித் தாளோடு சேர்த்து உழுதுவிடுகின்றனர். அல்லது வரப்போரம் குவித்துத் தீ வைக்கின்றனர். உழுத தாள் மக்குவதில்லை. துண்டு துண்டாகி மண்ணில் தங்கி, வேரும் நீரும் இறங்குவதைத் தடுக்கும். காற்றில் பறந்ததை மாடு தின்றால் வயிறு அடைத்துக்கொள்ளும்.

இத்தாளைக் கழுவி, நறுக்கி, உருக்கிக் குருணையாக்கி, மீண்டும் தாளும் குழாயும் செய்யலாம். ஆனாலும் பழைய பொருள் வியாபாரிகள் இதை வாங்கத் தயங்குவர். காரணம் ஒட்டியிருக்கும் மண். சில சமயம் தாளைவிட மண்ணே எடை கூடுதலாக இருக்கும். நறுக்கும் கத்தியும் மழுங்கிவிடும்.

ஆகவே கடைசிப் பறிப்பு முடிந்ததும் நீர் விடுவதை நிறுத்தி மண்ணைக் காயவிட வேண்டும். செடிகளை அடியோடு அறுத்து அகற்றி, தாளின் இரு ஓரத்து மண்ணையும் மண்வெட்டியால் நெகிழ்த்தி, கிழியாமல் தூக்கி உதறிச் சுருட்டலாம். நாள் கடத்தினால் வெயிலில் தாள் நைந்து கையோடு பொடிந்து வரும். பிறகு பொறுக்கி மாளாது. மிக மெல்லிய தாளை மலிவு என்று வாங்கியவர்களுக்கு இந்த வேதனை நன்கு தெரியும். 25 முதல் 30 மைக்ரான் தாளே எடுக்க வசதி. அடியில் உள்ள சொட்டு நீர்க் குழாயைத் தனியே சுருட்டவும்.

பி.வி.சி. குழாய்த் துண்டுகளை இவற்றுடன் கலக்கக் கூடாது. எரித்தாலோ நச்சுப் புகை வரும்.

குருணைக்கு ஆகாத கிழிசலுக்கும் வழி உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் (2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர்) கண்ட முறையில், சுமார் 160 டிகிரி சூடான ஜல்லி மேல் நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவுகின்றனர். அது உருகி ஏடுபோல் படிவதால் தார் நன்கு பிடிக்கிறது. 1 கிலோமீட்டர் ஒருவழிச் சாலைக்குச் சுமார் 1 டன் பிளாஸ்டிக் ஆகும். இதிலும் பி.வி.சி. சேரக் கூடாது. நறுக்கும் எந்திரம் அருகில் எங்குள்ளது என்பதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரிக்கலாம். நாலைந்து தோட்டத்தார் சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பினால் வாடகை கட்டுப்படியாகும்.

பூச்சிமருந்து டப்பாக்களை இந்தச் சுருளோடு போட வேண்டாம். மருந்து கலக்கும்போதே 3 முறை கழுவி, அந்த நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவில் ஓட்டை போட்டுத் தனியே வைக்க வேண்டும்.