உங்களுக்குத் தெரியுமா? மலாக்கா நீரிணைக்குக் காவல் யார்?

கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே ஓடும் மலாக்கா நீரிணைக்குப் பொதுவான போலீஸ் கிடையாது. நாடுகளுக்கு மேல் ஓர் அரசே இல்லை; அதனால் ஒவ்வொரு நாடும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார் சர்வதேச அரசியல் அறிஞர் கென்னத் வால்ட்ஸ் (1979).

2004இல் கடற்கொள்ளையைத் தடுக்க அமெரிக்கப் படை வரலாம் என்ற பேச்சு எழுந்தது. மலேசியாவும் இந்தோனேசியாவும் அதை ஏற்கவில்லை. சிங்கப்பூரையும் சேர்த்துக்கொண்டு ஜூலையில் ரோந்தைத் தொடங்கின. அதிலும் ஒரு நாட்டுக் கப்பல் மற்ற நாட்டின் கடல் எல்லையைத் தாண்டுவதில்லை; வால்ட்ஸ் சொன்ன தற்காப்பு உணர்வு அங்கே அப்படியே தெரிகிறது.

2005 ஜூனில் லண்டன் காப்பீட்டுச் சந்தையின் குழு ஒன்று நீரிணையைப் போர் ஆபத்துப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. செப்டம்பரிலேயே வான்ரோந்து வந்தது. ஒரே விமானத்தில் பல நாட்டு அதிகாரிகள். அண்டை நாட்டுக் கரைக்கு 3 கடல் மைல் தொலைவு வரை பறக்க அனுமதி! 2006 ஆகஸ்டில் நீரிணை பட்டியலிலிருந்து நீங்கியது.

மேலே அரசு இல்லாவிட்டாலும், பகையா நட்பா என்பதை நாடுகளின் பழக்கமே தீர்மானிக்கிறது என்று மற்றோர் அறிஞரான அலெக்சாண்டர் வெண்ட் 1992இல் வாதிட்டார். இந்த நீரிணையைப் பார்த்தால் அவர் பக்கமே நியாயம் அதிகம். 2008இல் தாய்லாந்தும் ரோந்தில் சேர்ந்துகொண்டது.