கோடவுன் கரண்ட் பில்: மீட்டரில் இருந்து தொடங்குவோம்!



"மின் சிக்கனம் தேவை இக்கணம்" என்று சுவரில் எழுதியிருப்பதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் எங்கே, எப்படி, எவ்வளவு என்று கேட்டால் முழிக்கிறோம். செங்குன்றம், மாதவரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பஸ்ஸில் போனால் வரிசை வரிசையாகக் கிடங்குகள். நம்மில் பலருக்கு முதல் வேலையே அப்படி ஒரு கிடங்கின் பராமரிப்புப் பிரிவில்தான் கிடைக்கப் போகிறது. அங்கே போய் நின்றால் எதைச் செய்வது, எதை முதலில் செய்வது என்பதே இக்கட்டுரை.

விடுமுறைப் பயிற்சிக்காக ஒரு கிடங்கில் இரண்டு வாரம் இருந்தேன். சூப்பர்வைசர் அண்ணனிடம் கரண்ட் பில்லைக் கேட்டபோது, "பில் வருது, கட்டுறோம். அதுல படிக்க என்ன தம்பி இருக்கு?" என்றார். படிக்க நிறையவே இருக்கிறது.

பில்லுக்குள் மூன்று கணக்கு

முதல் கணக்கு யூனிட். 1,000 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். இது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது, உச்சத் தேவை. உயர் அழுத்த இணைப்புள்ள பெரிய கிடங்குகளில் எத்தனை யூனிட் செலவானது என்பதோடு, ஒரே நேரத்தில் எவ்வளவு இழுத்தோம் என்பதையும் மீட்டர் குறித்து வைக்கும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் பெரிய சாப்பாட்டுக் கூடம் வேண்டும். மூன்று பந்தியாகப் பிரித்தால் சின்னக் கூடம் போதும். சாப்பாடு என்னவோ அதே அளவுதான்! காலையில் ஏசி, கம்ப்ரஸர், ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி சார்ஜர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் அந்த உச்சத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். சார்ஜரைப் பின்னிரவுக்கு மாற்றினால் உச்சம் இறங்கும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அதனால் காற்றோட்டமும், கவனிக்க ஓர் ஆளும் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, பவர் ஃபேக்டர். 40 கிலோவாட் சுமைக்குப் பவர் ஃபேக்டர் 0.80 என்றால் நாம் இழுப்பது 50 கே.வி.ஏ. அதையே 0.95 ஆக்கினால் 42 கே.வி.ஏ. போதும். இதற்குச் சுமார் 17 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் தேவை. இரவில் சுமை குறையும்போது கெபாசிட்டர் மட்டும் முழுதாக நின்றால் அதுவும் தொல்லை. ஆகவே சுமைக்கு ஏற்பத் தானே கூட்டிக் குறைக்கும் பேனல் நல்லது.

ஆளில்லாத நேரத்தில் ஓடும் மீட்டர்

காசு செலவில்லாத சோதனை இதுதான். இரவு 10 மணிக்கு, கிடங்கைப் பூட்டிய பிறகு ரீடிங் எடுங்கள். காலை 6 மணிக்கு மறுபடி எடுங்கள். சி.டி. வைத்த மீட்டராக இருந்தால் அதில் எழுதியிருக்கும் பெருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். வித்தியாசம் 24 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 24 என்றால், ஆளே இல்லாத இடத்தில் 3 கிலோவாட் ஓடுகிறது! மாதத்துக்கு 720 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கணக்கிட்டால் 5,760 ரூபாய்.

யார் தின்றது? தேடினால் கிடைக்கும். ஆபீஸ் ஏசி, வாட்டர் கூலர், அணைக்காத கம்ப்யூட்டர், பேட்டரி நிறைந்த பிறகும் பிளக்கில் தொங்கும் சார்ஜர், விடிந்தும் எரியும் காம்பவுண்ட் விளக்கு. காவலுக்குத் தேவையான விளக்கும் தீயணைப்பு பம்பின் இணைப்பும் மட்டும் அப்படியே இருக்கட்டும். மற்றதை ஒவ்வொன்றாக அணைத்து மீட்டரைப் பாருங்கள். குற்றவாளி தானே மாட்டிக்கொள்வான்.

விளக்கு: வரிசை மாறினால் கணக்கும் மாறும்

பழைய கிடங்குகளில் உயரத்தில் தொங்குவது 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு. சோக்கையும் சேர்த்தால் சுமார் 280 வாட். இதை ஒருமுறை அணைத்தால் சூடு ஆறி மறுபடி எரியப் பல நிமிடம் பிடிக்கும். அதனாலேயே "எரியட்டும் விடு" என்று நாள் முழுக்க விட்டுவிடுகிறார்கள். எல்.இ.டி. விளக்கு போட்டவுடன் எரியும். ஆள் வந்தால் எரிந்து, போனால் அணையும் சென்சாரும் வைக்கலாம்.

கணக்குப் போடுவோம். 40 விளக்கு, தினம் 12 மணி நேரம், மாதம் 26 நாள். பழைய விளக்குக்கு 11.2 கிலோவாட். 110 வாட் எல்.இ.டி. போட்டால் 4.4 கிலோவாட். மாதம் 2,121 யூனிட் மிச்சம், அதாவது சுமார் 16,970 ரூபாய். விளக்கு ஒன்று 4,000 வீதம் 1,60,000 ரூபாய் முதலீடு ஒன்பதரை மாதத்தில் திரும்பிவிடும். விற்க வருபவர் இந்தக் கணக்கைத்தான் காட்டுவார்.

ஆனால் கூரையில் அங்கங்கே தகர ஷீட்டை எடுத்துவிட்டு ஒளிபுகும் ஷீட் போட்டால், பகலில் ஆறு மணி நேரம் விளக்கே வேண்டாம். அப்போது எல்.இ.டி. மிச்சப்படுத்துவது பாதிதான். போட்ட பணம் திரும்ப 19 மாதம் ஆகும். அதனால் எல்.இ.டி. வேண்டாம் என்று அர்த்தமில்லை. இரண்டையும் செய்தால் தினம் 134 யூனிட் எரிந்த இடத்தில் 26 யூனிட்தான் எரியும். முதலில் சூரிய வெளிச்சம், பிறகு எத்தனை விளக்கு தேவை என்ற எண்ணிக்கை, கடைசியில் கொள்முதல். இதுவே சரியான வரிசை.

எண்ணிக்கையை லக்ஸ் மீட்டர் சொல்லும். மூட்டை அடுக்கும் இடத்துக்கு 100 முதல் 150 லக்ஸ், சீட்டுப் படித்து பேக்கிங் செய்யும் மேசைக்கு 300 லக்ஸ் என்பது பொதுவான அளவு. விளக்கு ரேக்கின் தலைக்கு மேல் எரிந்தால் அட்டைப் பெட்டிக்குத்தான் வெளிச்சம். நடைபாதைக்கு மேலே நகர்த்துங்கள்.

குளிர் அறை இருந்தால்

குளிர் அறைக்குள் எரியும் விளக்குக்கு இரண்டு முறை காசு. 100 வாட் விளக்கு எரிகிறது. அந்த 100 வாட் சூட்டை வெளியே தள்ள, சி.ஓ.பி. 2.5 உள்ள இயந்திரம் இன்னும் 40 வாட் தின்கிறது. கதவு திறந்திருந்தால் கேட்கவே வேண்டாம். பிளாஸ்டிக் பட்டைத் திரை தொங்கவிடுங்கள். கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். தாள் சுலபமாக வந்தால் குளிரும் அப்படியே வெளியே போகிறது. மைனஸ் 18 டிகிரி போதும் என்ற சரக்கை மைனஸ் 22-இல் வைப்பதும் வீண். ஒரு டிகிரிக்குச் சுமார் 2 முதல் 3 விழுக்காடு கூடுதல் செலவு. ஆனால் மருந்துப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி என்று எழுதியிருந்தால் அதுவே சட்டம். சிக்கனம் என்று சொல்லி அதில் விளையாடக்கூடாது.

விசிறியில் கை வைக்காதே!

இதை எனக்குச் சொன்னவர் மூட்டை தூக்கும் ஓர் அண்ணன். "லைட்டை அணைச்சுக்கோ தம்பி. ஃபேன்ல மட்டும் கை வெச்சுடாதே. சித்திரை வெயில்ல இந்தத் தகரத்துக்குக் கீழ நின்னு பாரு." உண்மைதான். சிக்கனம் என்றவுடன் முதலாளிக்குக் கண்ணில் படுவது தொழிலாளியின் விசிறிதான். அதை நிறுத்தி மிச்சம் பிடிப்பது சிக்கனம் அல்ல. நம் செலவை இன்னொருவன் உடம்பின்மேல் ஏற்றுவது.

வழி வேறு இருக்கிறது. 75 வாட் பழைய விசிறிக்குப் பதில் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி. கூரைக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு. காற்றில் தானே சுற்றும் டர்போ வென்டிலேட்டர். இதற்குக் கரண்டே வேண்டாம். காசும் மிச்சம், காற்றும் மிச்சம்!

சூரிய மின்சாரம் எப்போது?

எல்லாம் முடிந்த பிறகு. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் தினம் சுமார் 4 யூனிட் தரும். வீணாகும் யூனிட்டை நிறுத்தாமல் பேனல் போடுவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய மோட்டார் வைத்த கதை. கூரை அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு நம் சிவில் பிரிவு நண்பர்களைக் கேட்டே ஆகவேண்டும். இதில் கௌரவம் பார்க்கக்கூடாது!

தோழர்களே! எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இலேயே வந்துவிட்டது. ஆண்டுதோறும் டிசம்பர் 14 எரிசக்திச் சேமிப்பு நாள். இந்த ஆண்டு அன்றைக்குக் கோலப் போட்டி, பேச்சுப் போட்டியோடு இன்னொன்றும் செய்வோம். நம் விடுதி மீட்டரை இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் படித்து, அறிவிப்புப் பலகையில் எழுதுவோம். பேப்பரும் பேனாவும்தான் செலவு. இங்கே பழகிய கை, நாளை கிடங்கிலும் தயங்காது.