பட்டறைக்குள் சாமுராய்

ஒரு வாளை இரண்டு ஊர்கள் உரிமை கொண்டாடின. வாளின் பெயர் சாஞ்சோமோ. 13-ஆம் நூற்றாண்டில் அடிக்கப்பட்ட இதை ஜப்பான் அரசு 1952-இல் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது. 16-ஆம் நூற்றாண்டின் பெரும் போர்த்தலைவன் உஎசுகி கென்ஷின் வைத்திருந்த வாள் இது. பின்னாளில் தனியார் ஒருவரின் உடைமையாக இருந்த இந்த வாளை வாங்க, கென்ஷினின் கோட்டை இருந்த ஜோஎத்சு நகரம் முதலில் முயன்றது. 32 கோடி யென் தர முன்வந்தது. விலை படியவில்லை. 2017-இல் பேச்சு முறிந்தது.

அடுத்து முன்வந்தது செதோஉச்சி. ஒகயாமா மாகாணத்தில், நாற்பதாயிரம் பேர்கூட இல்லாத சிறு நகராட்சி. கென்ஷினுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் அந்த வாளை அடித்த கொல்லர்களின் ஊர் அந்த நகராட்சியின் எல்லைக்குள் இருக்கிறது. இந்த ஒரே உரிமையை வைத்துக்கொண்டு, 50 கோடி யென் விலைக்கு ஒப்புக்கொண்டு, 2018-இல் மக்களிடம் நன்கொடை கேட்டது. ஜப்பானில் ஒருவர் தான் வசிக்காத ஊருக்கும் நன்கொடை கொடுத்து, அதற்கு ஈடாக வரிச்சலுகை பெறும் ஏற்பாடு உண்டு. அந்த வழியாகவும் இணையத்தின் வழியாகவும் நாடு முழுவதிலிருந்தும் பணம் வந்தது. 2020 மார்ச்சில் வாள் நகராட்சியின் சொத்தானது. ஏந்தியவனின் ஊருக்குப் போகாமல், அடித்தவர்களின் ஊருக்குத் திரும்பிவந்தது. அது இப்போது இருக்கும் இடம் பிஸென் ஒசாஃபுனே வாள் அருங்காட்சியகம்.

சாமுராய் என்றதும் நாம் நினைப்பது கொம்பு வைத்த தலைக்கவசத்தையும் இரும்பு முகமூடியையும்தான். பெரிய அருங்காட்சியகங்களில் அவை வரிசையாக நிற்கும். பார்த்து வியந்துவிட்டு வருவோம். ஒசாஃபுனே வேறு மாதிரி. சாமுராயை அவனுக்காக வேலை செய்த கைகளின் பக்கமிருந்து பார்க்க வைக்கிற இடம் அது. எனக்கு அந்தப் பக்கம்தான் பிடித்திருக்கிறது.

ஒகயாமா நகரிலிருந்து சிறு ரயிலில் ஏறினால் சுமார் அரைமணி நேரத்தில் ஒசாஃபுனே நிலையம். சுற்றிலும் வயல்கள், தாழ்ந்த குன்றுகள், பக்கத்தில் யோஷீ ஆறு. இந்த ஆற்றங்கரையில் கொல்லர்கள் ஏன் குவிந்தார்கள் என்பதற்கு ஊரின் அமைப்பே விடை சொல்லும். வடக்கே மலைகளில் இரும்பு மணலும் கரி சுடுவதற்கு மரமும். அவற்றைப் படகில் இறக்க ஆறு. தலைநகர் கியோத்தோவை மேற்கோடு இணைத்த பெருவழியும் அருகிலேயே சென்றது. ஆகவே வாங்குபவர்களுக்கும் பஞ்சமில்லை. தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்ட வாள்களில் பத்துக்கு நான்கு, இந்த வட்டாரம் அடங்கிய பழைய பிஸென் நாட்டில் அடிக்கப்பட்டவை. மித்சுதாதா, அவர் மகன் நாகமித்சு, பேரன் ககேமித்சு என்று தலைமுறை தலைமுறையாக இந்தக் கரையில் உலை எரிந்திருக்கிறது.

காட்சிக்கூடம் சிறியது. ஒரு சுற்றில் பார்த்து முடித்துவிடலாம் என்று தோன்றும், முடியாது. வாளைப் பார்ப்பதற்கு உடம்பை வளைக்க வேண்டும். நேராக நின்று பார்த்தால் பளபளக்கும் இரும்புப் பட்டைதான் தெரியும். விளக்கின் ஒளி அலகில் பட்டுத் திரும்பும் கோணம் கண்ணுக்குக் கிடைக்கும்வரை முழங்காலை மடக்கி, மெல்ல ஏறி இறங்க வேண்டும். சட்டென்று ஒரு கணத்தில், கூர்வாயை ஒட்டி வெண்மையாக ஒரு அலைக்கோடு விழித்துக்கொள்ளும். அதற்கு ஹமோன் என்று பெயர். பிஸென் வாள்களில் இந்தக் கோடு கிராம்பு மொட்டுகளை நெருக்கமாக அடுக்கியதுபோல் எழும்பித் தாழும். அதற்கு மேலே, அலகின் நடுப்பகுதியில் மூச்சுக்காற்று பட்டதுபோன்ற மங்கலான நிழல் ஒன்றும் ஓடும். பழைய பிஸென் கொல்லர்களின் கைவண்ணம் இந்த நிழல்தான். பிற்காலத்தில் கைநழுவிப்போன இந்த நுட்பத்தை மீட்க இன்றைய கொல்லர்கள் பாடுபட்டு வருகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். சில வாள்களின் கூர்வாய் கீழ்நோக்கியும் சிலவற்றில் மேல்நோக்கியும் வைக்கப்பட்டிருக்கும். குதிரைமேல் போரிட்ட காலத்து நீண்ட வாள், வாய் கீழே இருக்கும்படி இடுப்பிலிருந்து தொங்கியது, அது தாச்சி. பிற்காலத்துக் கத்தானாவை வாய் மேலே இருக்கும்படி இடைக்கச்சையில் செருகிக்கொண்டார்கள். உருவிய வேகத்திலேயே வெட்டலாம். குதிரைவீரர்களின் சண்டை காலாட்படைகளின் மோதலாக மாறிய கதையை, எந்தப் பலகையையும் படிக்காமல் இந்த வைப்புமுறையிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

சாஞ்சோமோ தாச்சி வகை. அலகு 79 செ.மீ.க்குச் சற்று அதிகம். அதன் ஹமோன் மலைக்கோழியின் இறகு அடுக்குபோல் கொந்தளிப்பது. 50 கோடி யென் கொடுத்து வாங்கிய அந்த வாளில் அடித்தவரின் பெயர் இல்லை. வழக்கமாகக் கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியில் கொல்லர் தன் பெயரை உளியால் வெட்டுவார். இதில் அது இல்லை. ஃபுகுஓகா இச்சிமொஞ்சி என்ற கொல்லர் மரபைச் சேர்ந்தது என்பதை வேலைப்பாட்டை வைத்து அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்த மரபின் பட்டறைகள் இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தவை.

காட்சிக்கூடத்தைவிட என்னை நிறுத்தி வைத்தது அடுத்த கட்டடம். இங்கே வேலை நடக்கிறது. வாள் கொல்லர், சாணை பிடிப்பவர், உறை செய்பவர், அதற்கு அரக்குப் பூசுபவர், செம்புப் பட்டை கட்டுபவர், கைப்பிடிக்குக் கயிறு சுற்றுபவர் என்று ஒரு வாளுக்கு வேண்டிய கைகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பழைய முறையில் இரும்பு அடிப்பதைப் பார்வையாளர்களுக்குக் காட்டுகிறார்கள். போகிறவர்கள் அந்த நாளைப் பார்த்துப் போவது நல்லது.

மூலப்பொருள் தமாஹகானே என்ற எஃகு. ஷிமானே மாகாணத்தின் ஒகுஇசுமோவில், 1977-இல் மீட்டெடுக்கப்பட்ட களிமண் உலையில், குளிர்காலத்தில் மட்டும், மூன்று பகல் மூன்று இரவு இடைவிடாமல் இரும்பு மணலையும் கரியையும் மாறி மாறிக் கொட்டி எடுப்பது. அந்தக் கட்டிகளை உடைத்து, தேர்ந்து, அடுக்கி, வைக்கோல் சாம்பலும் களிமண் குழம்பும் பூசி உலையில் வைக்கிறார்கள். எரிப்பது பைன் மரக்கரி. அதை ஒரே அளவாக நறுக்குவதுதான் சீடனின் முதல் வேலை. மூக்கும் முகமும் கறுத்துப்போகும் வேலை.

ஆசான் சிறு சுத்தியலால் இடத்தைத் தட்டிக் காட்ட, எதிரே நிற்கும் சீடர்கள் நீண்ட காம்புச் சம்மட்டியை அதே இடத்தில் இறக்குகிறார்கள். பட்டடைக்கல்லில் தண்ணீர் தெளித்து அதன்மேல் பழுத்த இரும்பை வைத்து அடித்தால் வெடிபோட்டதுபோல் ஓர் ஓசை. முன்வரிசையில் இருப்பவர்கள் துள்ளிவிடுவார்கள். நீராவி வெடிக்கும்போது இரும்பின்மேல் படிந்த செதில்கள் தெறித்து விழுகின்றன. அதற்காகவே தண்ணீர். அடித்து நீட்டி, உளியால் பாதி வெட்டி, மடித்து, மறுபடி அடிப்பார்கள். இப்படிப் பத்துப் பதினைந்து முறை மடிக்கும்போது கசடு வெளியேறுகிறது, எஃகிலுள்ள கரிமத்தின் அளவு சீராகிறது. பதினைந்து மடிப்பில் அடுக்குகள் 32,768. அந்த அடுக்குகள்தான் சாணைக்குப் பிறகு அலகில் மரநரம்புபோல் தெரிகின்றன.

தோய்ச்சல் போடுவது கடைசி. அதை இருட்டில் செய்கிறார்கள். இரும்பின் நிறத்தைக் கொண்டே வெப்பத்தைக் கணிக்க வேண்டும். முதுகுப்புறம் களிமண்ணைத் தடிமனாகவும் கூர்வாய்ப் பக்கம் மெல்லியதாகவும் பூசி, பழுக்கவைத்து, தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். வாய்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து இறுகி விரிகிறது. முதுகு நிதானமாகக் குளிர்ந்து இளகலாகவே இருக்கிறது. கிட்டத்தட்ட நேராக உள்ளே போன இரும்பு வளைந்து வெளியே வருகிறது. சாமுராய் வாளின் புகழ்பெற்ற வளைவு அந்தச் சில நொடிகளில் உண்டாவது. ஹமோனும் அப்போதே பிறக்கிறது. விரிசல் விட்டால் மாதக்கணக்கான உழைப்பு போச்சு.

சாணைக்காரரின் அறையில் ஓசையே இல்லை. தாழ்ந்த பலகையில் குந்தி, கல்லை வலக்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சொரசொரப்பான கல்லிலிருந்து நயமான கல்லுக்குப் படிப்படியாகப் போகிறார். முடிவில் கல்லையே தாள்போல் சீவி, கட்டைவிரலின் கீழ் வைத்துத் தேய்க்கிறார். ஒரு வாளுக்கு வாரக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு தடவை சாணை பிடிக்கும்போதும் வாள் சற்றுத் தேய்கிறது. நூற்றாண்டுகள் தாண்டி வந்த வாளில் மிச்சமிருக்கும் எஃகை வீணாக்காமல் பிடிப்பதில்தான் அவர் திறமை இருக்கிறது.

உறைசெய்பவர் ஜப்பானிய மக்னோலியா மரத்தை இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, சோற்றுப்பசையால் ஒட்டுகிறார். பலமான பசை ஏன் இல்லை? உள்ளே துரு பிடித்தால் உறையைப் பிளந்து துடைத்து மறுபடி ஒட்ட வேண்டும். தனக்குப் பின்னால் வரப்போகும் ஒருவரின் வேலையை எளிதாக்கிவிட்டுப் போகிற இந்த முன்யோசனையை, போர்க்கருவி ஒன்றில் நான் எதிர்பார்க்கவில்லை.

15, 16-ஆம் நூற்றாண்டுகளில் போர் ஓயவில்லை. ஒசாஃபுனேயின் உலைகளும் ஓயவில்லை. பெயர் வெட்டிய உயர்ந்த வாளோடு, காலாட்களுக்காகக் கட்டுக்கட்டாகவும் வாள்கள் அடித்தார்கள். சுகேசதா என்ற ஒரே பெயரை எத்தனையோ கொல்லர்கள் வெட்டிக்கொண்டார்கள். ஜப்பானிலிருந்து மிங் சீனத்துக்கும் வாள்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேறின. 1588-இல் ஜப்பானின் ஆட்சியாளர் ஹிதேயோஷி குடியானவர்களிடமிருந்து வாள்களைப் பறிமுதல் செய்தார். 1590-ஐ ஒட்டி யோஷீ ஆறு பெருக்கெடுத்து ஒசாஃபுனேயை அடித்துக்கொண்டு போனது. வாழவைத்த ஆறே வாரிக்கொண்டது. ஒருசில குடும்பங்கள்தான் தொழிலைத் தொடர்ந்தன.

1876-இல் பொது இடங்களில் வாள் அணிவதை மெய்ஜி அரசு தடைசெய்தது. சாமுராய்க்கு அது கௌரவக் குறைவு, கொல்லருக்கோ வயிற்றுப்பாடு. பலர் கத்தி, கத்தரிக்கோல், அரிவாளுக்கு மாறினார்கள். சாமுராய்களின் வீழ்ச்சியைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அதே ஆணையால் உலை அணைந்த வீடுகளுக்கு அந்தப் பக்கங்களில் இடம் கிடைப்பதில்லை. 1945-இல் உலகப்போரில் ஜப்பான் தோற்றபிறகு நேசநாட்டுப் படைகள் வாள்களை ஒப்படைக்கச் சொல்லின. இவை கலைப்பொருள்கள் என்று அறிஞர்கள் மன்றாடி ஒரு பகுதியைக் காப்பாற்றினார்கள். புதிதாக அடிக்க அனுமதி 1950-களில்தான் கிடைத்தது.

இன்று வாள் கொல்லராக வேண்டுமானால், உரிமம் பெற்ற ஆசானிடம் பல ஆண்டுகள் சீடராக இருந்து, அரசுத் தேர்வில் தேற வேண்டும். சீடருக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. உரிமம் கிடைத்த பிறகும் மாதத்துக்கு நீண்ட வாள் என்றால் இரண்டு, குட்டையானது என்றால் மூன்றுக்கு மேல் அடிக்கக் கூடாது. தரம் கெடாமல் இருக்க வைத்த விதி. ஆனால் அடிக்கிற அத்தனையும் விற்றுவிடுவதில்லை. பழைய வாளுக்குக் கோடிகளில் பணம் திரளும் நாட்டில் புதிய வாளுக்கு ஆள் தேடவேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. நம்பிக்கை தரும் விஷயமும் உண்டு. 2012-இல் இந்த அருங்காட்சியகம், எவாஞ்செலியன் அனிமேஷன் தொடரின் ஆயுதங்களை இன்றைய கொல்லர்களைக் கொண்டு உண்மையாகவே செய்யவைத்துக் காட்சிக்கு வைத்தது. 2015-இல் வாள்களை இளைஞர்களாக உருவகித்த தோகென் ரன்பு என்ற இணைய விளையாட்டு வந்தபின், இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக வாள் பார்க்க வந்தார்கள். சிலர் இதை விளையாட்டுத்தனம் என்று முகம் சுளிக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியின் முன் முழங்கால் மடக்கி, நெடுநேரம் ஹமோனைத் தேடும் அந்தப் பெண்களைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

போகிறவர்களுக்கு: சாஞ்சோமோவை ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்கள்தான் காட்சிக்கு வைக்கிறார்கள். தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடாமல் ஆற்றோரமாக ஃபுகுஓகா என்ற சிற்றூர்வரை நடந்துவிட்டு வாருங்கள். ஒரு காலத்தில் மேற்கு ஜப்பானின் பெரிய சந்தைகளில் ஒன்று கூடிய ஊர். இப்போது அமைதியான சில தெருக்கள், பழைய வீடுகள். குரோதா என்ற சாமுராய்க் குடும்பத்துக்கு இந்த ஊரோடு பூர்வீகத் தொடர்பு உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குடும்பத்தின் நாகமாசா, கியூஷு தீவில் புதுக்கோட்டை கட்டியபோது இந்தப் பெயரையே அதற்கு வைத்தார். பதினைந்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் இன்றைய ஃபுகுஓகா மாநகரம் அதுதான்.